பளிச்சிடும் பலகைக்கும் பிரேக் வேண்டும்!

மூன்றாம் ஆண்டு, இ.சி.இ. மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டிய நாளிலிருந்து ஹாஸ்டலில் பாதிப் பேர் கவிஞர்களாகிவிட்டார்கள். நிலா, நட்பு, அம்மா, அரியர் ஆகிய நான்கு தலைப்புகளும் ஏற்கெனவே 'ஹவுஸ்ஃபுல்'. மிச்சம் கிடந்ததில் நான் எடுத்துக்கொண்டது, ரோட்டோரத்தில் படம் ஓட்டும் எல்.இ.டி. விளம்பரப் பலகை. "அதைப் பத்தி எழுத என்னடா இருக்கு?" என்று ரூம்மேட் கேட்டான். இருக்கிறது நண்பா. கொஞ்சம் பொறுமையாகப் படி.

துணிக்கடை, நகைக்கடை, பிளாட் வியாபாரம், தனியார் ஆஸ்பத்திரி என்று எது திறந்தாலும் பெயின்ட் அடித்த பலகை இப்போது யாருக்கும் பிடிப்பதில்லை. டி.வி. மாதிரியே படம் ஓட வேண்டும். அதுவும் நாலு ரோடு சந்திக்கிற இடத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஓட வேண்டும். வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் காத்து நிற்கிறவனுக்கு அது இலவச சினிமா. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவனுக்கு?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பா டவுன் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நான் படிப்பது எலக்ட்ரானிக்ஸ். ஆக, எங்கள் வீட்டில் ஒருவர் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவர். இன்னொருவன், ரோட்டைப் பார்க்க விடாமல் இழுக்கிற வெளிச்சத்தைச் செய்யக் கற்றுக்கொள்கிறவன்! ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இந்த இரண்டு கட்சிக்கும் வாக்குவாதம் வராமல் இருக்குமா?

இரண்டு வருஷத்துக்கு முன், தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தது இது. சாயங்காலம் ஏழு மணி, நல்ல மழை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் உள்ள நாலு ரோட்டில் சிவப்பு விழுந்து, அப்பா பஸ்ஸை முதல் ஆளாக நிறுத்தியிருக்கிறார். சிக்னல் கம்பத்துக்கு நேர் பின்னால் ஒரு பெரிய எல்.இ.டி. பலகை. அதில் பட்டுப்புடவை விளம்பரம். திடீரென்று பலகை முழுக்க இலைப்பச்சை நிறம். நனைந்த ரோடெல்லாம் பச்சை. பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பையன் பைக்கில் நின்றிருக்கிறான். ஹெல்மெட் கண்ணாடியில் மழைத்துளி. பச்சையைப் பார்த்தான், கிளம்பிவிட்டான். குறுக்கே வந்த வேன் அடித்துவிட்டது.

அப்பாவும் கண்டக்டர் அண்ணனும்தான் அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிற பையன், கிட்டத்தட்ட நம்ம வயசு. வலியில் கத்திக்கொண்டே அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதானாம்: "பச்சை விழுந்துச்சுண்ணே... நான் பார்த்தேன்ணே!"

பச்சை விழுந்தது உண்மை. எந்தப் பச்சை என்பதுதான் கேள்வி.

ஸ்டேஷனில் எழுதிய காகிதத்தில் 'கவனக்குறைவாக ஓட்டியதால்' என்று இருந்தது. பலகை என்ற வார்த்தையே வரவில்லை. அப்பா சாட்சி சொல்லிவிட்டு வந்து, ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: "ஏன்டா தம்பி, நீ படிக்கிற படிப்புதானே அந்தப் போர்டைச் செய்யுது? சிக்னல் பச்சையா, சேலை பச்சையான்னு எனக்கே ஒரு நிமிஷம் தட்டுக்கெட்டுப் போச்சு. இதுக்கெல்லாம் ஒரு சட்டம் கிட்டம் கிடையாதா?"

வாத்தியார் வைவாவில் கேட்கிற கேள்விக்கு 'தெரியாது சார்' என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அப்பா கேட்கிற கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியுமா? தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டு வினாடியின் விலை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கால்குலேட்டர் வேண்டாம், மனக்கணக்கே போதும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் சுமார் 16.7 மீட்டர் ஓடும். டிரைவர் இரண்டு வினாடி பலகையைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் ஓடிவிடுகிறது. நம்ம வாலிபால் கோர்ட்டு 18 மீட்டர் நீளம். அப்படியானால் கிட்டத்தட்ட இரண்டு கோர்ட்டு நீளத்துக்கு அந்த வண்டி கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம்!

சிவில் நண்பர்களுக்கு நெடுஞ்சாலைப் பொறியியலில் 'ஸ்டாப்பிங் சைட் டிஸ்டன்ஸ்' என்று ஒரு பாடம் உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ், அதாவது ஐ.ஆர்.சி., ஒரு டிரைவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க 2.5 வினாடி ஆகும் என்று எடுத்துக்கொள்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு நிற்கத் தேவையான தூரம் 80 மீட்டர். அதில் பாதிக்கு மேல், சுமார் 42 மீட்டர், பிரேக் பிடிப்பதற்கு முன்பே ஓடி முடிகிற தூரம். இந்த 80 மீட்டர் கணக்கே டிரைவரின் கண் ரோட்டில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது. கண் இரண்டு வினாடி பலகைக்குப் போய்விட்டால் 80 என்பது 113 ஆகிவிடும். அந்தக் கூடுதல் 33 மீட்டரில் சைக்கிள் வரலாம், பள்ளிக்கூடப் பிள்ளை வரலாம், நம்ம ஊர் ரோட்டில் மாடும் வரலாம்.

இரண்டு வினாடி என்பது நானாக எடுத்த எண் அல்ல. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிலையம் 100 கார்களில் கேமரா பொருத்தி, சாதாரண மக்கள் அன்றாடம் ஓட்டுவதைப் பதிவு செய்தது. 2006-ல் வந்த அதன் அறிக்கை, ரோட்டிலிருந்து இரண்டு வினாடிக்கு மேல் கண் விலகினால் விபத்தோ, மயிரிழையில் தப்புவதோ நேரும் அபாயம் குறைந்தது இரண்டு மடங்காகிறது என்று சொல்கிறது.

நமது நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நமது தமிழ்நாட்டுக்கு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இவ்வளவுக்கும் பலகைதான் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் ஐ.டி.ஐ. பையனின் விபத்து மாதிரி, 'கவனக்குறைவு' என்ற ஒரே வார்த்தைக்குள் போய் ஒளிந்துகொள்கிற காரணங்கள் எத்தனை? கவனம் தானாகக் குறைந்ததா, யாராவது காசு கொடுத்துக் குறைத்தார்களா என்று கேட்க வேண்டாமா?

பலகையில் என்னதான் பிரச்சினை?

ரோட்டோரப் பலகை புதிதல்ல. பெயின்ட் பலகையும் டிரைவர் கண்ணில் பட்டதுதான். அப்படியிருக்க இந்த எலக்ட்ரானிக் பலகையை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறாய் என்று கேட்கலாம். மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலாவது, வெளிச்சம். ஒரு பரப்பு எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதைச் சதுர மீட்டருக்கு எத்தனை கேண்டலா என்று அளக்கிறோம். தொழிலில் இருப்பவர்கள் இதை 'நிட்' என்பார்கள். நல்ல வெயிலிலும் படம் தெரிய வேண்டுமே! அதனால் வெளியில் வைக்கிற எல்.இ.டி. பலகை 5000 நிட், அதற்கு மேலும் கொடுக்கிற மாதிரி செய்யப்படுகிறது. ராத்திரியில் அதற்குச் சில நூறு நிட் தாராளமாகப் போதும். பகல் அளவையே ராத்திரியும் விட்டுவைத்தால், 300 போதும் என்ற இடத்தில் பதினாறு மடங்குக்கு மேல் வெளிச்சம்! அதைப் பார்த்துவிட்டு இருட்டு ரோட்டுக்குத் திரும்புகிற கண்ணுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. வயசானவர்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் கூடும். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடி, மழை, நனைந்த தார் ரோடு எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, அசைவு. ஓரக்கண்ணில் ஏதாவது அசைந்தால் தலை தானாகத் திரும்பும். புலி வருகிறதா என்று பார்த்துப் பிழைத்த ஆதி மனிதனின் புத்தி அது. நாம் கட்டுப்படுத்த நினைத்தாலும் முடியாது. விளம்பரக்காரர் நமது மனசோடு பேசுவதாக நினைக்கிறோம். உண்மையில் அவர் நமது கழுத்தோடு பேசுகிறார்!

மூன்றாவது, 'தொடரும்'. டி.வி. சீரியலில் முக்கியமான இடத்தில் 'தொடரும்' போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அதேபோல, "ஆடித் தள்ளுபடி..." என்று காட்டிவிட்டு எவ்வளவு என்று சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போனால், டிரைவர் கண் அங்கேயே காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் ஆபத்து.

ஸ்வீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் நகர் வழியாகப் போகிற நெரிசலான நெடுஞ்சாலையில் 12 எலக்ட்ரானிக் பலகைகளைச் சோதனைக்காக வைத்தார்கள். 41 டிரைவர்களைக் கருவி பொருத்திய காரில் ஓட்டச் சொல்லி, கண் எங்கே போகிறது என்று அளந்தார்கள். 2013-ல் வெளியான முடிவு என்ன? அதே ரோட்டில் இருந்த மற்ற பலகைகளைவிட எலக்ட்ரானிக் பலகையை அதிகத் தடவை, அதிக நேரம் பார்த்தார்கள். ஆனால் வண்டி ஓட்டிய விதத்தில் வித்தியாசம் எதுவும் அளவில் தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. நமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொள்வது பொறியாளனுக்கு அழகல்ல என்பதால் அதையும் எழுதிவிட்டேன்.

அதேபோல அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை நடத்திய ஆய்வு ஒன்றும் 2013 கடைசியில் வெளியானது. டிரைவர்கள் டிஜிட்டல் பலகையைப் பார்க்கிற நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்குள்தான் இருக்கிறது என்றது அது. விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் அந்த ஆய்வு நடந்த ரோட்டையும் நம்ம நாலு ரோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷேர் ஆட்டோ, டிவைடர் தாண்டுகிற பாட்டி, எதிரில் ராங் சைடில் வருகிற மொபெட், இவற்றுக்கு நடுவே ஒன்றரை வினாடிகூட நமக்கு ஆடம்பரம்!

சட்டம் கிட்டம் உண்டா?

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். சட்டம் இருக்கிறது, நண்பர்களே! அதுவும் நாம் பிறப்பதற்கு ரொம்ப முன்பிருந்தே இருக்கிறது.

ஐ.ஆர்.சி. 1972-லேயே ரோட்டோர விளம்பரங்களுக்கு என்று தனியாக ஒரு கொள்கை வெளியிட்டது. அதன் எண் ஐ.ஆர்.சி. 46. சாலைச் சந்திப்பு, பாலம், கிராஸிங் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் விளம்பரம் கூடாது. ஊருக்குள் இதை 50 மீட்டர் வரை குறைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. போக்குவரத்துப் பலகையிலிருந்து 50 மீட்டருக்குள் கூடாது என்கிறது. இன்னும் முக்கியமாக, மின்னுகிற, விட்டு விட்டு எரிகிற, அசைகிற விளக்கு உள்ள விளம்பரங்களை ஆட்சேபத்துக்கு உரியவை என்கிறது. நேரம், தேதி, வெப்பநிலை, வானிலை காட்டுவதற்கு மட்டும் விலக்கு. கண் கூசும் வெளிச்சமும் கூடாது.

யோசித்துப் பாருங்கள், 1972! முழுவண்ண எல்.இ.டி. பலகை அப்போது கனவிலும் கிடையாது. சிவப்பு எல்.இ.டி. வந்திருந்தது, ஆனால் நன்றாக எரிகிற நீல எல்.இ.டி. இல்லை. ஜப்பானில் சூஜி நகமுரா அதை 1993-ல் செய்து காட்டிய பிறகுதான் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எல்லா நிறமும் காட்ட வழி பிறந்தது. அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் அதற்காக 2014-ல் நோபல் பரிசும் கிடைத்தது. சாதாரண பல்பும் நியானும் இருந்த காலத்திலேயே 'மின்னாதே, அசையாதே' என்று எழுதிவைத்த பெரியவர்கள் இன்றைய பலகையைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்?

அடுத்து 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 116-ஆவது பிரிவு. போக்குவரத்துச் சின்னத்தை மறைக்கிற, அதைப்போலவே தோன்றி ஏமாற்றுகிற, அல்லது டிரைவரின் கவனத்தைச் சிதறடிக்கக்கூடிய விளம்பரத்தை அகற்றும் அதிகாரத்தை, சூப்பரின்டென்ட் அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரிக்கு மாநில அரசு கொடுக்கலாம் என்கிறது. 'ஏமாற்றுகிற' என்ற அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்தப் பச்சைச் சேலைதான் ஞாபகம் வந்தது.

1997 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எம்.சி.மேத்தா வழக்கில், டில்லி ரோட்டோரங்களில் போக்குவரத்துக்கு ஆபத்தாக இருக்கிற விளம்பரப் பலகைகளை எடுக்கும்படி உத்தரவிட்டது. சென்னையில் பலகைகளை ஒழுங்குபடுத்தும் விதிகள் செல்லும் என்று 2008-ல் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? பலகை விழுந்தால் மட்டும்தான் நாடு விழித்துக்கொள்கிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி உயிர் போனது. தமிழ்நாடே கொதித்தது. 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் 120 அடிக்கு 120 அடி ராட்சசப் பலகை சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். உடனே எல்லா ஊரிலும் இரும்புச் சட்டத்தின் உறுதியைப் பரிசோதித்தார்கள். பரிசோதிக்க வேண்டியதுதான். ஆனால் வெளிச்சம் விழாதே! அது நின்ற இடத்தில் நின்றபடியே ஆளைச் சாய்க்கும். அதற்கு யார் பரிசோதனை?

ஒர்க்ஷாப்பில் கேட்ட பதில்

இந்தக் கேள்விக்கான விடை எனக்குச் சட்டப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. இன்பிளான்ட் டிரெயினிங்கில்தான் கிடைத்தது.

எல்.இ.டி. பலகை அசெம்பிள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு டிரெயினிங் போட்டார்கள். மாடியூலை வரிசையாகக் கோத்து, பவர் சப்ளை கொடுத்து, கன்ட்ரோலரை கம்ப்யூட்டரில் இணைத்தால் படம் ஓடும். அந்த சாஃப்ட்வேரில் 'பிரைட்னெஸ்' என்று ஒரு கோடு இருக்கும். மவுஸால் இழுத்தால் வெளிச்சம் கூடும், குறையும். அதை 100-ல் வைத்துத்தான் பலகையைக் கடைக்கு அனுப்புவார்கள். ஸ்டோர் ரூமில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய, சுற்றியுள்ள வெளிச்சத்தை அளக்கிற சென்சார்கள். கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

அங்கே இருந்த சீனியர் டெக்னீஷியனிடம் கேட்டேன்: "அண்ணே, இதை மாட்டினா ராத்திரி ஆனதும் வெளிச்சம் தானாக் குறையுமே, ஏன் மாட்டுறதில்ல?"

"மாட்டினா, போர்டு டல்லடிக்குதுன்னு கடைக்காரர் ராத்திரியே போன் போடுவார்டா தம்பி. அப்புறம் இருபதடி ஏணியில யாரு ஏறுறது?"

"முனிசிபாலிட்டியில, போலீஸ்ல யாரும் கேட்க மாட்டாங்களாண்ணே?"

"போர்டு எத்தனை சதுர அடி, வரி கட்டியாச்சான்னு கேட்பாங்க. வெளிச்சம் எவ்வளவு, படம் எத்தனை செகண்டுக்கு ஒருக்கா மாறுதுன்னு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் கேட்டதில்ல."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. எனக்கு சால்டரிங் நுணுக்கமெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அவரும் ராத்திரி டூ வீலரில் அதே நாலு ரோடு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார். கேட்க ஆள் இல்லாத இடத்தில் கஸ்டமர் சொல்வதுதானே சட்டம்?

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. 1972 கொள்கை, 1988 சட்டம், 1997 உத்தரவு எல்லாம் கடைசியில் வந்து நிற்கிற இடம் அந்த மவுஸ் முனை. அதைப் பிடித்திருக்கிற கை ஐ.ஏ.எஸ். கையும் இல்லை, நீதிபதி கையும் இல்லை. ஒரு டிப்ளமோக்காரன் கை. நாளைக்கு நம்ம கை!

மூன்று பிராஞ்சும் சேர்ந்தால்...

வேடிக்கை என்னவென்றால், இதற்குத் தேவையான சரக்கு நம்மிடமே இருக்கிறது. வருஷா வருஷம் நம்ம டிபார்ட்மென்டில் குறைந்தது இரண்டு பேட்ச்சாவது 'ஆட்டோமேட்டிக் ஸ்ட்ரீட் லைட்' புராஜெக்ட் செய்கிறோமே! ஒரு எல்.டி.ஆர்., ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே. இருட்டினால் விளக்கு எரியும். அதையே திருப்பிப் போட்டால் என்ன? இருட்டினால் பலகை மங்கும். தத்துவம் அவ்வளவுதான்.

படம் எத்தனை வினாடிக்கு ஒருமுறை மாறலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பலகை எத்தனை மீட்டர் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிறது என்று சிவில் நண்பர் டேப் பிடித்துச் சொல்லட்டும். அந்த ரோட்டில் வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன என்று மெக்கானிக்கல் நண்பர் சொல்லட்டும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். 200 மீட்டர் முன்பிருந்தே தெரிகிற பலகை, 60 கிலோமீட்டர் வேகம் என்றால் 12 வினாடி. அந்த 12 வினாடிக்கும் ஒரே படம் அசையாமல் நின்றால், கடந்து போகிற டிரைவர் அதிகபட்சம் ஒரு மாற்றத்தைத்தான் பார்ப்பார். அந்த 12-ஐ டைமரில் வைப்பது இ.சி.இ. வேலை. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை 2007-ல் அனுப்பிய வழிகாட்டுக் குறிப்பில், ஒரு படம் 4 முதல் 10 வினாடி நிற்க வேண்டும், 8 வினாடி நல்லது என்று இருக்கிறது. நாம் வகுத்தலைப் போட்டு நம் ரோட்டுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வோம்.

என்னைக் கேட்டால் நாலே விதி போதும். சிக்னல் இருக்கிற சந்திப்பில் ஐ.ஆர்.சி. சொன்ன தூரத்துக்குள் பலகை வேண்டாம். ரோட்டைப் பார்த்த பலகையில் ஓடும் படமும், 'தொடரும்' வித்தையும் வேண்டாம். நிற்கிற படம் போதும். வெளிச்ச சென்சார் இல்லாத பலகைக்கு லைசென்ஸ் வேண்டாம். பலகை கோளாறாகிக் கண்டபடி மின்ன ஆரம்பித்தால் தானாகவே அணைந்துவிட வேண்டும். லைசென்ஸ் காகிதத்தில் சதுர அடிக்குப் பக்கத்தில் இரவு நிட் எவ்வளவு, படம் மாறும் நேரம் எவ்வளவு என்று இரண்டு கட்டம் போட்டால் கேட்க ஆளும் வந்துவிடுவார்.

"அப்படிச் செய்தால் தொழில் படுத்துவிடும், நமக்கே வேலை போய்விடும்" என்று நம்ம கிளாஸில் ஒருவன் சொன்னான். எனக்கும் அந்தக் கவலை உண்டு. அப்பா ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷம்தான் இருக்கிறது, வீட்டுக்கு என் சம்பளம் வேண்டும். ஆனால் பலகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரேசில் நாட்டில் சாவோ பாலோ நகரம் 2007 முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளையே மொத்தமாக நீக்கியது. நான் கேட்பது அதுவும் அல்ல. பஸ்ஸுக்கு ஸ்பீடு கவர்னர் வைத்தால் பஸ் தொழில் படுத்துவிட்டதா? சென்சார் மாட்ட, அளக்க, வருஷத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்று கொடுக்க ஆள் வேண்டாமா? அதுவும் டிப்ளமோக்காரனுக்கு வேலைதானே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே எல்.இ.டி. தான் பைபாஸில் 'முன்னால் விபத்து, மெதுவாகச் செல்லவும்' என்று எழுதி உயிரைக் காப்பாற்றுகிறது. அப்படிப்பட்ட தகவல் பலகைகளுக்கும் ஐ.ஆர்.சி. தனியாக வழிகாட்டி வைத்திருக்கிறது. கத்தி காய் நறுக்கவும் உதவும், கையை நறுக்கவும் உதவும். எல்.இ.டி. மேல் தப்பில்லை; அதை எங்கே, எவ்வளவு, எப்படி எரிய விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

நமது மாணவர் பேரவைக்கு ஒரு யோசனை. இந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் டே, கல்ச்சுரல்ஸோடு இதையும் ஒரு நிகழ்ச்சியாக வைப்போம். மூன்று பிராஞ்சிலிருந்தும் நாலு நாலு பேர், ஒரு டேப், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. ஊரில் இருக்கிற ஒவ்வொரு எலக்ட்ரானிக் பலகையும் சிக்னலிலிருந்து எத்தனை மீட்டர், படம் எத்தனை வினாடிக்கு மாறுகிறது, ராத்திரி வெளிச்சம் குறைகிறதா இல்லையா என்று எழுதுவோம். யாரையும் திட்ட வேண்டாம், கோஷம் போட வேண்டாம். அளந்ததை மட்டும் எழுதுவோம். அதைக் கலெக்டர் தலைமையில் கூடுகிற மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு மனுவாகக் கொடுப்போம். மைக்கில் பேசியதைக் காற்று கொண்டுபோய்விடும். மீட்டரில் எழுதிய எண்ணுக்கு அதிகாரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, நமக்கு நாமே ஒரு விதி. நாளைக்கு நம்மில் யாராவது ஒரு பலகையை மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று கஸ்டமரிடம் கையெழுத்து வாங்குவோம். அந்தக் காகிதத்தில் ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதுவோம்: 'இரவு வெளிச்சம் இவ்வளவு, சென்சார் மாட்டப்பட்டது.' முதலாளி கேட்டால், சட்டம் இருக்கிறது ஐயா, பிரச்சினை வந்தால் உங்களுக்கும் இது பாதுகாப்பு என்று மரியாதையாகச் சொல்வோம். எல்லா முதலாளியும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் ஒத்துக்கொண்டாலும் ஒரு நாலு ரோடு பிழைக்கும்.

வெளிச்சம் என்பது வழி காட்டுவதற்காக மனுஷன் கண்டுபிடித்தது. அது வழியை மறைக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு, சால்டரிங் அயர்ன் பிடிக்கிற நமக்கும் உண்டு.

அளப்போம்! எழுதுவோம்! கேட்போம்!